குரோம் மேல் கறுப்பு: வீட்டில் ஸ்பிரே அடிப்போரின் கேள்விகளும் என் பதில்களும்

காரின் முன்பக்கக் கிரில், ஜன்னலோரப் பட்டி, கதவுக் கைப்பிடி ஆகியவற்றின் குரோமை வீட்டிலேயே கறுப்பாக்க விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மருதானைப் பக்கம் நீண்டகாலம் வாகன வர்ண வேலை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தை வாசகர்: ஐயா, கிரிலை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கறுப்பு ஸ்பிரே அடித்தேன். மூன்று மாதத்தில் ஏடு ஏடாக உரிந்துவிட்டது. மலிவான டின் வாங்கியதுதான் காரணமா?

டின்னின் மீது பழி போடாதீர்கள். நாம் பார்க்கும் குரோம் என்பது நிக்கல் பூச்சின் மேல் படிந்துள்ள, பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் குறைந்த தடிப்புடைய படலம். அது கடினமானது, வழுவழுப்பானது. அதில் வர்ணம் பிடித்துக்கொள்வதற்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகு, 320ஆம் இலக்க வோட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து, உங்கள் முகம் அதில் தெரியாமற்போகும் வரை தேய்க்க வேண்டும். கிரிலின் இடுக்குகளில் தாள் நுழையாது. அங்கே சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைத் துண்டாக வெட்டிப் பயன்படுத்துங்கள். தேய்த்து முடித்ததும் மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாகப் படர்ந்து நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. நான் தொழில் பழகிய காலத்தில் இந்தச் சோதனையைச் சோம்பலால் தவிர்த்து, ஒரு பம்பரை முழுவதுமாகச் சுரண்டி மறுபடி செய்திருக்கிறேன். உலர்ந்த பின் வெறுங்கையால் தொடாமல், வர்ணம் பற்றிக்கொள்வதற்கான அடிப்பூச்சாகிய பிரைமரை அடித்து, அதன் மேல் மெல்லிய பூச்சுகளாக மூன்று முறை, ஏறக்குறைய 25 சென்டிமீற்றர் தூரத்திலிருந்து கறுப்பை அடியுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: எந்த பிரைமர் வாங்குவது? கடையில் இரண்டு வகை காட்டுகிறார்கள்.

குரோமுக்கு அடியில் என்ன இருக்கிறது, தேய்த்தபின் எது வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இரும்பு, அதற்கு அமிலம் கலந்த எட்ச் பிரைமர் பொருந்தும். ஒட்டாவிட்டால் விரல் முட்டியால் தட்டுங்கள். மந்தமான ஓசையும் கைக்குக் குளிர்ச்சியின்மையும் இருந்தால் அது பிளாஸ்டிக். இப்போதைய கார்களின் கிரில்கள் பெரும்பாலும் இவ்வகைதான்; இவற்றிலும் மேலே இருப்பது உலோகப் பூச்சு என்பதால் அதற்கு எட்ச் பிரைமர்தான், தேய்த்ததில் பிளாஸ்டிக் வெளியே தெரிந்த இடத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் பிரைமர் வேண்டும். ஜன்னலோரப் பட்டி காந்தத்தில் ஒட்டாமல், ஆனால் உலோகம்போல் குளிர்ந்திருந்தால், அது துருப்பிடிக்காத எஃகாகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். அங்கும் எட்ச் பிரைமர்தான்.

தெஹிவளை வாசகர்: வெயில் ஏறுவதற்கு முன் என்று காலை ஆறரை மணிக்கே அடித்தேன். கறுப்பின் மேல் பால் பூத்ததுபோல் வெளிறிவிட்டது.

பலரும் செய்யும் பிழை இது. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் இரவிலும் விடியற்காலையிலுமே மிக அதிகம். வர்ணத்தை இளக்கிவைக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து வர்ணத்துக்குள் சிக்கிக்கொள்வதே அந்த வெண்மை. மழையில்லாத நாளில் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில், நிழலில் அடியுங்கள். நேர் வெயிலில் சூடேறிய பாகத்தில் அடித்தால் வர்ணம் பரவுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். கடற்கரைக்கு அருகில் நிற்கும் காரென்றால், தேய்ப்பதற்கு முன் உப்புப் படிவை நல்ல தண்ணீரால் கழுவ மறக்க வேண்டாம். உப்பை உள்ளே வைத்துப் பூசினால் கொப்புளம் எழும்.

மட்டக்குளி வாசகர்: மங்கிய குரோமின் மேல் ‘குரோம்’ என்று எழுதிய ஸ்பிரேயை அடித்தால் பழைய பளபளப்பு வருமா?

வராது. அதில் பெரும்பாலும் நுண்ணிய அலுமினியத் துகள்கள்தாம்; நல்ல வெள்ளி வர்ணம் கிடைக்கும், கண்ணாடிப் பளபளப்பு கிடைக்காது. பாதுகாப்புக்கென்று மேலே கிளியர் எனும் நிறமற்ற பூச்சை அடித்தால் இன்னும் சாம்பலாகும்.

வத்தளை வாசகர்: இரண்டாம் பூச்சு சுருங்கிச் சுருங்கி எழுந்துவிட்டது.

பாதி காய்ந்த எனாமல் வர்ணத்தின் மேல் அடித்திருக்கிறீர்கள். புதிய பூச்சின் தின்னர் கீழ்ப் பூச்சை ஊதச் செய்துவிடும். மறு பூச்சுக்கான நேரம் டின்னிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த நேரம் தவறினால் முழுவதும் காயும்வரை சில நாட்கள் பொறுத்து, 600ஆம் தாளால் சமப்படுத்திவிட்டுத் தொடருங்கள்.

பம்பலப்பிட்டி வாசகி: அண்ணா, நான் மாடி வீட்டில் இருக்கிறேன். பால்கனியில் செய்யலாமா? சாதாரண முகக்கவசம் போதுமா?

போதாது, சகோதரி. துணிக் கவசம் தூசியைக்கூட முழுமையாகத் தடுக்காது, ஆவியைத் தடுக்கவே தடுக்காது. இரசாயன ஆவிக்குரிய வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். பால்கனியில் எழும் வர்ணப் புகை சமையலறைக்குள் புகுந்தால் காஸ் அடுப்பால் தீப்பற்றவும் இடமுண்டு. கீழ்வீட்டாரின் கொடித் துணிகளையும் அது விட்டுவைக்காது. பாகத்தைக் கழற்றி, திறந்த முற்றமுள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோவதே நல்லது. கடினப்படுத்தி கலந்த இரு பகுதிக் கிளியரை மட்டும் வீட்டில் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் இரசாயனம் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது.

கிராண்ட்பாஸ் வாசகர்: என் கிரிலில் குரோமே ஓரங்களில் உரிகிறது. அதன் மேல் பூசலாமா?

பூசாதீர்கள். உரியும் ஓரம் பூச்சையும் சேர்த்துத் தூக்கிவிடும். முழுக் குரோமையும் நீக்குவதற்காக பற்றரி வயரை வைத்து மின்னால் கழற்றும் காணொளிகளையும் நம்ப வேண்டாம். அதற்குப் பயன்படுத்தும் நீரில் நச்சுத்தன்மை மிக்க குரோமியச் சேர்மங்கள் உருவாகலாம், அதை நம் வீட்டுக் கானில் ஊற்றவும் முடியாது. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய கிரில் ஒன்றை விசாரியுங்கள். மாடலையும் ஆண்டையும் வாயால் சொல்வதோடு நில்லாமல், கழற்றிய கிரிலையே கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடலிலும் கிளிப் இருக்கும் இடம் மாறுவதுண்டு.