அலியின் படத்தைக் கழற்ற வேண்டாம், அம்மா

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை செந்தூல் கோயில் மண்டபத்தில் நடந்த கல்வி ஆலோசனையில் உங்களுடன் பத்து நிமிடம்தான் பேச முடிந்தது. பின்னால் வரிசை நின்றது. பாதியைச் சொல்லவே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகனின் நான்காம் படிவ மதிப்பெண் அட்டையைக் காட்டினீர்கள். அப்புறம் கைத்தொலைபேசியில் ஒரு படம்: சன்னல் கம்பியில் வரிசையாகக் காயும் கைக்கட்டுத் துணிகள். கோடாலித் தைலம் தேய்த்துத் தேய்த்து உங்கள் கைதான் எரிகிறது என்றீர்கள். அவன் அறைச் சுவரில் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் படம். ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதப்போவதில்லை, முழுநேரமும் குத்துச்சண்டைதான் என்கிறான். அப்பா "முடியாது" என்றதோடு சரி, மூன்று வாரமாக வீட்டில் பேச்சில்லை.

அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள். அலியின் கதையை நாமே முழுசாகச் சொல்லிவிடலாம். பையன்களுக்குக் கிடைப்பதெல்லாம் எதிராளி விழுகிற இரண்டு நிமிட வீடியோ. விழ வைத்தவனைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பது அதில் வராது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

12 வயதில் அமெரிக்காவின் லூயிவில் ஊரில் அலியின் சைக்கிள் திருட்டுப் போனது. எடுத்தவனை உதைப்பேன் என்று கத்திய பையனிடம் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று தன் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்தார். ஆறு வருடத்தில், 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். படிப்பு? எழுத்துக் கூட்டிப் படிப்பதே அவருக்குச் சிரமம். உயர்நிலைப் பள்ளியில் 391 பேரில் 376-ஆவதாகத் தேறினார். ஆனால் தேறினார். சான்றிதழ் கையில் வந்தது. இதை உங்கள் மகனிடம் அப்படியே சொல்லுங்கள்.

அடுத்த விஷயத்தைப் பெற்றோரிடம் பேசும்போதெல்லாம் சொல்லுவேன். ஒலிம்பிக் முடிந்ததும் உள்ளூர்த் தொழிலதிபர்கள் 11 பேர் சேர்ந்து அவருடன் ஒப்பந்தம் போட்டார்கள். 18 வயதுப் பையன், கூடவே அம்மா அப்பாவும் கையெழுத்திட்டார்கள். பயிற்சிச் செலவும் பயணச் செலவும் அவர்களுடையது. கையெழுத்துப் போட்டதற்கே 10,000 டாலர். இதைவிட எனக்குப் பிடித்த ஒரு நிபந்தனை உண்டு: அவருடைய வருமானத்தில் 15 விழுக்காடு தனி நிதியில் சேரும், 35 வயது ஆகும்வரை, அல்லது ஓய்வு பெறும்வரை, தொட முடியாது. நம் ஊர் ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) மாதிரிதான். பையன் பணத்தைத் தண்ணீராகச் செலவழிப்பான் என்று அந்தப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது!

22 வயதில், 1964-இல், சன்னி லிஸ்டனை வென்று ஹெவிவெயிட் (மிகை எடை) பிரிவில் உலக சாம்பியன். 1967-இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டம் பறிபோனது, மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியவில்லை. ஓடும் கால்களுக்கு அதுதான் பொற்காலம். அது போயே போய்விட்டது. திரும்பி வந்து 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்தினார்.

1975 ஜூலை 1-ஆம் தேதி நம் கோலாலம்பூரில், மெர்டேக்கா அரங்கத்தில், ஜோ பக்னருடன் 15 சுற்றும் நின்று புள்ளியில் ஜெயித்தார். உங்கள் மாமனார் அதை நேரில் பார்த்ததாகச் சொன்னீர்களே, தாத்தாவையே பேரனிடம் பேச விடுங்கள். அப்பாவிடம் பேசாத பையன் தாத்தாவிடம் பேசுவான். மூன்றே மாதத்தில் மணிலாவில் ஜோ ஃப்ரேசியருடன் நடந்த சண்டையையும் அவர் சொல்லட்டும். 14 சுற்றுகள். அதன் பிறகு அலி பழைய அலி இல்லை.

1977-இல் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேக்கோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் பரிசோதனை முடிவை அலிக்கும் அவர் மனைவிக்கும் பயிற்றுநருக்கும் அனுப்பினார். யாரும் பதில் போடவில்லை. மருத்துவர் விலகிக்கொண்டார். 1980-இல் 38 வயதில் லாரி ஹோம்ஸுடன் மோத அலி மறுபடி மேடை ஏறினார். பத்தாவது சுற்றோடு பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்தவேண்டி வந்தது. அதற்கும் அடுத்த வருடம் இன்னொரு சண்டை. 42 வயதில் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. அதில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்கள் ஒரே மாதிரி சொல்வதில்லை. எனக்கு உறுத்துவது அந்தப் பதில் இல்லாத கடிதம்தான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான் அம்மா: அந்தப் போலீஸ்காரர், அந்த 11 பேர், அந்த மருத்துவர், மூன்று வேலையும் இப்போதைக்கு உங்களுடையவை.

ஜிம்முக்கு நேரில் போய்ப் பாருங்கள். பயிற்றுநரிடம் பயிற்றுநர் சான்றிதழ் இருக்கிறதா, மாநிலச் சங்கத்தின் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறாரா, அல்லது உடம்பு குறைக்க வருகிறவர்களிடம் மாதக் கட்டணம் வாங்கும் இடம் மட்டும்தானா? ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்து தலை சுற்றினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "ஒன்றும் ஆகாதும்மா" என்று சிரித்தால் வேறு இடம் தேடலாம். யாராவது மேலாளர் என்று வந்து காகிதத்தை நீட்டினால் தம்பி தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது. 18 வயது ஆகாதவன் போடும் ஒப்பந்தம் பொதுவாகச் சட்டப்படி செல்லாது, ஆனாலும் வம்பு எதற்கு. பரிசுப் பணம் கிடைத்தால் ஒரு பகுதியை இபிஎஃப்பில் தானாகக் கட்டலாம்.

எஸ்பிஎம் கட்டாயம் எழுத வேண்டும். மலாய் மொழியும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. அவன் வரலாற்று மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை, குத்துச்சண்டையைப் பார்த்து இல்லை. அரசுப் பல்கலைக்கழக மாணவர் சேர்க்கையில் விளையாட்டு போன்ற புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு. மாநில அளவில் ஆடினால் அது அங்கே கைகொடுக்கும். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு அறிவியல் படிக்கலாம். உயிரியலைக் கைவிடாமல் இருந்தால் பின்னாளில் பிசியோதெரபி பக்கமும் போகலாம். பள்ளிக்கும் ஜிம்முக்கும் சேர்த்து ஒரே அட்டவணை போடுவது கஷ்டமில்லை, நானே போட்டுத் தருகிறேன்.

இன்னொன்று. தம்பி 61 கிலோ என்றீர்கள். தொழில்முறை ஹெவிவெயிட் 90.7 கிலோவுக்கு மேல். தினமும் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டாலும் அங்கே போய்ச் சேரமாட்டான், சேரவும் வேண்டாம். 1998-இல் இதே கோலாலம்பூரில் காமன்வெல்த் தங்கம் வாங்கிய நம் மலேசிய வீரர் சாப்போக் பிக்கி மோதியது 48 கிலோ பிரிவில். அவர் படமும் சுவரில் ஒன்று ஒட்டலாம்.

வரும் சனிக்கிழமை தம்பியையும் அழைத்து வாருங்கள். அப்பாவுக்கு லாரி ஓட்டம் இல்லாவிட்டால் அவரும் வரட்டும். மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கப் பார்க்கிறேன். போன பருவத்து வரலாற்றுத் தாளும் வேண்டும், மறக்காமல் எடுத்து வாருங்கள்.