கேள்வி-பதில்: ஸ்விட்ச்சும் ஒயரும்

கே: களியக்காவிளையில் ஆன்லைன் சேவைக் கடை. ஆறு கம்ப்யூட்டர். ஒருவர் பெரிய ஃபைல் அனுப்பினால் மற்றவர்களுக்கு இழுக்கிறது. கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைக்கும் பழைய ஹப் பெட்டிதான் காரணம் என்கிறார் மெக்கானிக். சரியா?

ப: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஹப், வந்த தகவலை எல்லா போர்ட்டுக்கும் (ஒயர் செருகும் துளை) அனுப்பிவிடும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அனுப்பலாம்; இருவர் சேர்ந்து அனுப்பினால் மோதிவிடும், மறுபடி அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் மாட்டும் பெட்டிதான் ஸ்விட்ச். அது எந்த போர்ட்டில் எந்தக் கம்ப்யூட்டர் என்று மேக் முகவரியை (கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அடையாள எண்) வைத்துத் தெரிந்துகொண்டு, உரியவருக்கு மட்டும் கொடுக்கும். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கும். எட்டு போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ் வேகம்) ஸ்விட்ச் போதும். மேனேஜ்டு ஸ்விட்ச்தான் (உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றும் வகை) வேண்டும் என்று கடையில் சொன்னால் வாங்காதீர்கள்.

கே: 40 எம்பிபிஎஸ் பிளான். கிகாபிட் ஸ்விட்ச் போட்டால் நெட் வேகம் கூடுமா? (செங்கோட்டை)

ப: கூடாது.

கே: புது ஸ்விட்ச் மாட்டிய மறுநாளே எல்லாம் நின்றுவிட்டது. விளக்குகள் விடாமல் மின்னுகின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கம்பம்)

ப: கடைக்காரரைத் திட்டும் முன் ஒயரைப் பாருங்கள். ஒரே ஒயரின் இரண்டு முனையையும் அதே ஸ்விட்ச்சில் செருகியிருப்பீர்கள். எல்லாருக்கும் என்று போகும் தகவல் வட்டமடித்துப் பெருகிக்கொண்டே இருக்கும், மற்றதற்கு இடமே இருக்காது. ஒரு முனையைப் பிடுங்குங்கள். இதே தவறோடு மாதம் ஒரு கடிதமாவது வருகிறது. மாட்டும்போதே கவனியுங்கள்.

கே: கேரளத்துப் பாறசாலையில் செம்பு என்று சொல்லி கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் விற்றார்கள். சுரண்டினால் உள்ளே வெள்ளை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். வேறு மாநிலம், நான் என்ன செய்ய? (மார்த்தாண்டம்)

ப: உங்கள் மீது தவறில்லை. அது செம்பு பூசிய அலுமினியம். கேட் 6 தரவிதி முழுச் செம்பைத்தான் கேட்கிறது. நானும் விலை குறைவு என்று 305 மீட்டர் பெட்டி ஒன்று வாங்கிச் சுவருக்குள் ஓட்டினேன். வருடம் திரும்புவதற்குள் மாடி அறையில் லைன் விட்டுவிட்டு வந்தது. உடைத்துப் பார்த்தால், வளைவில் ஒரு கம்பி முறிந்திருந்தது. கிகாபிட்டுக்கு ஒயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். தகவல் வழியில் கெட்டால் ஸ்விட்ச் அதைத் தள்ளிவிடும், கம்ப்யூட்டர் திரும்ப அனுப்பும், தாமதம் அங்கேதான் பிறக்கிறது. ஸ்விட்ச்சுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் ஒயரை மட்டும் சுரண்டிப் பார்ப்பதே இல்லை. விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

மாநிலம் தடையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். ஒரு துண்டு ஒயரைச் சுரண்டியபடியே பத்திரமாக வையுங்கள். பில்லை இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும்.