மாறுவேடக் காமெடி என்றால் என் ஓட்டு டூட்ஸிக்குத்தான்

நடிகர் ஒருவர் வேஷம் மாற்றி ஊரை ஏமாற்றும் காமெடிப் படங்களில் கட்டாயம் பார்க்க வேண்டியது எது என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மில் பலருக்கும் முதலில் அவ்வை சண்முகி ஞாபகம் வரும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதற்கு 14 வருஷம் முன்னால், 1982-இல் வந்த டூட்ஸி என்கிற ஹாலிவுட் படத்தைத்தான் நான் சொல்வேன்.

டஸ்டின் ஹாஃப்மன் அதில் மைக்கேல் டோர்சி என்கிற நியூயார்க் நாடக நடிகர். பயங்கரத் திறமைசாலி, ஆனால் எல்லா டைரக்டரோடும் மல்லுக்கு நிற்பவர். ஒரு விளம்பரத்தில் தக்காளி வேஷம் கொடுத்து உட்காரச் சொன்னால், தக்காளி எப்படி உட்காரும், லாஜிக் இடிக்கிறதே என்று சண்டை போட்டவர்! உன்னை இனி யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று ஏஜென்ட் முகத்துக்கு நேராகச் சொல்கிறார், அடுத்த ஷாட்டிலேயே மைக்கேல் பெண் வேஷத்தில் கூட்டத்துக்கு நடுவே தெருவில் நடந்து வருகிறார். யோசித்தது, விக் வாங்கியது, நடை பழகியது எதுவுமே அங்கே கிடையாது. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்த ஒரு வெட்டுக்காகவே டைரக்டர் சிட்னி பொல்லாக்கைக் கும்பிடலாம் (ஏஜென்ட்டாக நடித்திருப்பதும் அவரேதான்).

அப்புறம் டோரதி என்ற பெயரில் ஒரு டிவி சீரியலில் வேலை கிடைக்கிறது. டெஸ்ட் எடுக்கும்போது, இந்த அம்மா கொஞ்சம் லட்சணமாகத் தெரியணும், கேமராவை எவ்வளவு தூரம் பின்னால் கொண்டு போகலாம் என்று கேட்கிறார்கள். கிளீவ்லாண்ட் வரைக்கும் போகட்டுமா என்கிறார் கேமராமேன். அது வேறு மாநிலத்தில் இருக்கும் ஊர்!

ஆனால் இந்தப் படத்தை நான் தூக்கி வைத்துப் பேசுவது ஜோக்குகளுக்காக இல்லை. ஹாஃப்மன் டோரதியைக் கேலிப் பொருளாக நடிக்கவே இல்லை, நிஜமாகவே ஒரு மனுஷியாக நடித்திருக்கிறார். அந்த சீரியலில் ஸ்கிரிப்ட்படி முத்தம் கொடுக்க வரும் டாக்டர் பாத்திரத்தை, கையில் இருந்த அட்டையாலேயே மண்டையில் ஒன்று போடுகிறார் பாருங்கள், அங்கே இருப்பது தக்காளியிடம் லாஜிக் தேடிய அதே பிடிவாதம்தான். மைக்கேலுக்குச் சோறு போடாத அந்தக் குணத்துக்காகவே டோரதியை ஊரே கொண்டாடுகிறது.

குறையும் உண்டு. சீரியலில் மைக்கேல் தட்டிப் பறித்த வேஷம் அவருடைய தோழி சாண்டி முதலில் முயற்சி செய்தது. ஒத்திகை பார்த்துக் கொடுத்ததே மைக்கேல்தான், அப்படியிருந்தும் அவளிடம் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்குகிறார், படமோ அதைச் சட்டென்று கடந்துவிடுகிறது. சாண்டியாக வரும் டெரி கார், சீரியலில் டோரதியோடு நடிக்கும் ஜூலியாக வரும் ஜெசிகா லாங் இரண்டு பேருமே துணை நடிகை ஆஸ்கருக்குப் போட்டியில் இருந்தார்கள். கிடைத்தது ஜெசிகாவுக்கு. நானாக இருந்தால் டெரி காருக்குத்தான் கொடுத்திருப்பேன், உண்மை தெரிந்ததும் அவர் கத்தித் தீர்க்கும் காட்சியைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.