கேள்வி – பதில்: ஜீப்பும் டாங்கியும் பீரங்கியும்

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டப் பகுதியில் பழைய ஜீப்புகள் இன்றும் மலைப்பாதையில் ஏறுகின்றன. ஜீப் உண்மையிலேயே அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த வண்டிதானா?
– தோட்டத் தொழிலாளி ஒருவர், கீரிப்பாறை

பதில்: ஆம், போருக்காகவே பிறந்த வண்டிதான். 1940-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்கத் தரைப்படை 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பி, நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய ஒரு சிறிய உளவு வண்டியின் மாதிரியை 49 நாட்களுக்குள் செய்து தரும்படி கேட்டது. அந்தக் கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது பான்டம் என்ற சிறிய நிறுவனம் மட்டுமே. ஆயினும் பெருமளவில் உற்பத்தி செய்யும் வசதி அதனிடம் இல்லாததால், வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களே போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து குவித்தன. எடை ஏறத்தாழ ஒரு டன், இன்ஜின் 60 குதிரைத்திறன். சேற்றில் புதைந்தால், உடன் இருக்கும் வீரர்களே தள்ளிக் கரையேற்றிவிடலாம் என்பதே அதன் பெரும் பலம். 1947 முதல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. உங்கள் மலையேறும் ஜீப்புகளின் வம்சம் அங்கிருந்தே வருகிறது.

அமெரிக்காவில் ஜீப்பின் வாரிசாக வந்த எம்151 வளைவுகளில் எளிதில் கவிழ்ந்ததால் பலமுறை திருத்தப்பட்டது. 1980-களில் ஹம்வீ வந்தது. இராக்கில் சாலையோரக் குண்டுகள் ஹம்வீக்களைச் சிதறடித்த பிறகு, ஆறு டன்னைத் தாண்டிய கவச வண்டிகள் அந்த இடத்துக்கு வரத் தொடங்கின. உயிரைக் காக்கும் இரும்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தள்ளிக் கரையேற்றும் வண்டி என்ற பழைய வசதி அத்துடன் போய்விட்டது.

கேள்வி: 1965 போரில் பாகிஸ்தானிடம் இருந்த அமெரிக்க பாட்டன் டாங்கிகளை ஒரு ஜீப் வீழ்த்தியது எப்படி என்று என் பேரன் கேட்கிறான். விளக்கமாகச் சொல்லுங்கள், ஐயா.
– ஓய்வுபெற்ற படைவீரர், தக்கலை

பதில்: வீழ்த்தியது ஜீப்பின் மேல் பொருத்தியிருந்த 106 மில்லிமீட்டர் ஆர்.சி.எல். துப்பாக்கி, அதாவது பின்னுதை இல்லாத துப்பாக்கி. தாங்கள் படையில் இருந்தவர் என்பதால் அதை அறிந்திருப்பீர்கள். பேரனுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். வழக்கமான பீரங்கி குண்டை முன்னே தள்ளும்போது அதே விசை பீரங்கியைப் பின்னே உதைக்கும். அந்த உதையைத் தாங்க டன் கணக்கில் இரும்பு வேண்டும். ஆர்.சி.எல். துப்பாக்கியில் வெடிவாயுவின் ஒரு பகுதி பின்புறத் துளைகள் வழியாக வெளியேறிவிடுவதால் உதை ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ஆகவேதான் சுமார் 210 கிலோ எடையில், ஒரு ஜீப் சுமக்கக்கூடிய அளவில் அதைச் செய்ய முடிந்தது. குழலின் மேல் ஒரு சிறு துப்பாக்கியும் உண்டு. முதலில் அதிலிருந்து ஒளிவிடும் தோட்டாவைச் சுட்டு, அது டாங்கியில் பட்டதைக் கண்ட பிறகே பெரிய குண்டை விடுவார்கள். அந்தக் குண்டு வேகத்தால் துளைப்பதில்லை. உட்குழிவான வெடிமருந்து ஒரே முனையில் குவிந்து கவசத்தைத் துளைக்கிறது.

இதன் பெருங்குறை பின்னால் எழும் தீயும் புழுதியுமாகும். ஒரு முறை சுட்டவுடன் இருப்பிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் உடனே இடம் மாற வேண்டும். அதற்கு ஜீப் உதவியது. கேம்கரண் பகுதியில் அசல் உத்தர் அருகே கரும்புத் தோட்டங்களில் மறைந்திருந்த நம் வீரர்கள், நீர் பாய்ச்சி நனைக்கப்பட்ட வயல்களில் சிக்கித் திணறிய, 45 டன் அளவுள்ள பாட்டன்களை இப்படித்தான் எதிர்கொண்டார்கள். 4-ஆவது கிரெனேடியர்ஸ் பிரிவின் ஹவில்தார் அப்துல் ஹமீத் தம் ஜீப்பிலிருந்து அடுத்தடுத்துப் பல டாங்கிகளை அழித்து, 1965 செப்டம்பர் 10 அன்று அங்கேயே உயிர் நீத்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. பாட்டன் அமெரிக்க டாங்கி, ஜீப்பும் ஆர்.சி.எல்.-உம்கூட அமெரிக்க வடிவமைப்புகள்தாம். அன்று வேறுபட்டது அவற்றைக் கையாண்ட முறையும் கையாண்டவர்களின் நெஞ்சுரமும் என்பதைப் பேரனிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்க டாங்கிகளுக்கு மனிதர்களின் பெயர் ஏன்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: ஸ்டூவர்ட், ஷெர்மன், பாட்டன், ஏப்ரம்ஸ் ஆகிய அனைவரும் அமெரிக்கத் தளபதிகள். இந்த வழக்கத்தை இரண்டாம் உலகப்போரின்போது தொடங்கியவர்கள், அந்த டாங்கிகளை வாங்கிய பிரிட்டிஷார். 1944 டிசம்பரில் ஷெர்மன் டாங்கிகளுடன், பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரை ஜெர்மானியர் சூழ்ந்திருந்த முற்றுகையை உடைத்தவர்களில் ஒருவரான கிரைட்டன் ஏப்ரம்ஸின் பெயரே 1980-இல் படைக்கு வந்த டாங்கிக்கு இடப்பட்டது.

கேள்வி: எம்777 பீரங்கி டைட்டானியத்தால் ஆனது என்கிறார்கள். எங்கள் கடற்கரை மணலிலும் டைட்டானியம் இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?
– வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: உலோகம் ஒன்றே. உங்கள் ஊரில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் மணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட், டைட்டானியத்தின் முக்கியத் தாது. எனினும் உலக அளவில் இத்தாதுவின் பெரும்பகுதி வண்ணப்பூச்சுக்கான வெள்ளை நிறமியாகவே மாறுகிறது. உலோகமாக்க வேண்டுமானால் அதைக் குளோரினுடன் வினைபுரியச் செய்து, கிடைக்கும் திரவத்தை மக்னீசியத்தால் ஒடுக்கி, பஞ்சு போன்ற கட்டியாக்கி, அதன் பிறகு வெற்றிடத்தில் உருக்க வேண்டும். விலை ஏறுவதற்குக் காரணம் இந்த நீண்ட வழிதான்.

பீரங்கி முழுவதும் டைட்டானியம் என்பது சரியல்ல. குழல் எஃகினால் ஆனது. அதைத் தாங்கும் தொட்டிலும் கால்களுமே பெரும்பாலும் டைட்டானியத்தாலானவை. எஃகைவிட நாற்பது விழுக்காடு இலேசான இந்த உலோகத்தால், முந்தைய எம்198-இன் ஏழு டன் எடை 4.2 டன்னாகக் குறைந்தது. குழல் வாயின் அகலம் அதே 155 மில்லிமீட்டர்தான். எடை குறைந்தால் உதை பெரிதாகத் தெரியுமல்லவா? அதனால்தான் குழலை மிகத் தாழ்வாக வைத்து, முன்னே இரண்டு நீண்ட கால்களும் பின்னே மண்ணைக் கவ்வும் மண்வெட்டிகளும் அமைத்தார்கள். சினூக் ஹெலிகாப்டர் இதைத் தொங்கவிட்டபடி மலைமுகட்டுக்குத் தூக்கிச் செல்லும். சாலை எட்டாத எல்லைகளை எண்ணியே இந்தியா 2016-இல் 145 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது.

இதற்குச் சொந்தமாக நகரும் இன்ஜினோ, வீரர்களை மறைக்கும் கவசமோ கிடையாது. பாய்ந்து வரும் குண்டின் பாதையை ரேடாரால் கணித்து, சுட்ட இடத்தைச் சில நிமிடங்களில் எதிரி கண்டுபிடித்துவிடும் இக்காலத்தில், சமவெளிப் போருக்குத் தானே நகரும் எம்109 வகைப் பீரங்கிகளும், லாரியில் ஆறு ராக்கெட்டுகளை ஏற்றிச் சென்று ஏவியவுடன் இடம் மாறும் ஹைமார்ஸும் கூடுதல் பாதுகாப்பானவை என்றே நான் கருதுகிறேன். எம்777-இன் இடம் மலைதான்.