ராத்திரி யார் எழுந்திருப்பது?

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலது கை, கால் விழுந்துவிட்டன. என் மனைவிதான் தெய்வம் மாதிரி பார்த்துக்கொள்கிறாள். வெளிநாடாக இருந்தால் விடுதியில் தள்ளியிருப்பார்கள். ஆனால் கொஞ்ச நாளாக அவள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். பொறுமை வர அவளுக்கு ஏதாவது படிக்கக் கொடுக்கலாமா? புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகர், தேனி

அன்புள்ள தம்பி,

புறா ரத்தத்தால் ஒன்றும் ஆகாது. பிசியோதெரபியை நிறுத்தாதீர்கள். அந்தக் கேள்வி அதோடு சரி.

என் சித்தியைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. சித்தப்பாவுக்கும் இதே வலது பக்கம்தான். சித்தி கஞ்சியை வாயின் நல்ல பக்கமாக ஊட்டி, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஸ்பூன் எடுப்பாள். அவசரப்பட்டால் புரையேறும், நுரையீரல் வரை போய்விடும். ஒரு தம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் சித்தப்பா தட்டிவிட்டுக் கத்துவார், அப்புறம் அழுவார். மூளையில் அடிபட்டவருக்கு இரண்டுமே கட்டுக்குள் இருக்காது. படுக்கைப்புண் வராமலிருக்க ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போடுவாள். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "உன்னை மாதிரி யாரு பார்த்துக்குவா" என்று சொல்லி பஸ் பிடிக்கக் கிளம்புவார்கள். அப்படிச் சொன்ன ஒருவரும் ஒரு ராத்திரி தங்கியதில்லை. பெற்ற மகன்களும்தான். சித்தியின் முதுகு போனது அந்த வருடங்களில்.

அதனால்தான் நீங்கள் எழுதிய 'தெய்வம்' எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவளுக்குத் தூக்கம் வேண்டாம், லீவு வேண்டாம். உங்கள் அப்பா அவர். கடிதத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லையே!

வெளிநாட்டுக் கதையையும் விடுங்கள். ஜெர்மனியில் பராமரிப்பு தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். 1995 முதல் அதற்கென்றே காப்பீடு இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணமும் வருகிறது. ஜப்பானில் காலங்காலமாக மூத்த மருமகள் தலையில் விழுந்த வேலை இது. 2000-இல் அங்கேயும் காப்பீடு வந்தது. பிரிட்டனில் 1976-இல் வேலைக்குப் போக முடியாமல் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவித்தொகை கொண்டுவந்தார்கள். கணவனோடு வாழும் பெண்ணுக்கு மட்டும் கிடையாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறாள் என்ற கணக்கு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் வழக்குப் போட்டு, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986-இல்தான் மாறியது. உங்கள் வீட்டுக் கணக்கும் அதுதான், தம்பி.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வீட்டு ஆளுக்கே பயிற்சி கொடுத்து உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, பயிற்சி தராத வீடுகளைவிட நோயாளிகள் தேறிவிடவில்லை. எல்லாவற்றையும் வீட்டிலிருக்கும் ஒருத்தியிடம் தள்ளுவது நோயாளிக்கும் நல்லதில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

அவளுக்குப் புத்தகம் எதுவும் வேண்டாம். இந்தச் சனிக்கிழமை ராத்திரி அப்பா பக்கத்தில் நீங்கள் படுங்கள். டயப்பர் மாற்றுவதை அவளிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் இறங்கிவிடும். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் பணம் அனுப்புவதோடு நிற்காமல் வந்து தங்கச் சொல்லுங்கள். அவள் அம்மா வீட்டுக்குப் போய்வரட்டும். கிளம்பும்போது, எப்போது வருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா