வாசகர் கேள்வி – பதில்: நூற்றேழும் ஆறும்

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 107 பதக்கங்களைக் குவித்த நாம், அடுத்த ஆண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆறு பதக்கங்களோடு திரும்பினோம். அதற்குள் நம் வீரர்கள் பின்தங்கிவிட்டார்களா?
– தக்கலை வாசகர்

இல்லை. அவர்களில் சிலர் முன்னேறியே இருந்தார்கள் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 28 தடைகளையும் ஏழு நீர்க்குழிகளையும் தாண்ட வேண்டிய இந்த ஓட்டத்தில், 2023 ஹாங்சோவில் அவினாஷ் சாப்ளே 8 நிமிடம் 19.50 விநாடியில் தங்கம் வென்றார். பாரிஸ் இறுதிச் சுற்றில் 8 நிமிடம் 14.18 விநாடியில், அதாவது ஐந்து விநாடிக்கும் மேல் வேகமாக ஓடியும் அவருக்குக் கிடைத்தது பதினோராவது இடம். முதலில் வந்த மொராக்கோ வீரர் எல் பக்காலியின் நேரம் 8 நிமிடம் 06.05 விநாடி. ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவும் ஹாங்சோவில் 88.88 மீட்டர் எறிந்து தங்கம் வென்றவர்தான், பாரிஸில் 89.45 மீட்டர் எறிந்தும், பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்ததால் வெள்ளியே பெற்றார்.

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட அளவில் முதலாவதாக வந்த பிள்ளை, மாநிலப் போட்டியில் தன் நேரத்தைக் குறைத்து ஓடியும் ஏழாவதாக வந்து நிற்கும்போது, “என்ன மக்ளே, தோத்துட்டியா?” என்று கேட்டுவிடுகிறோம். கையில் இருக்கும் நேரக்குறிப்பைப் பார்த்த பயிற்சியாளர் மட்டும் அப்படிக் கேட்க மாட்டார்.

இன்னொரு காரணம், போட்டிகளின் பட்டியல். ஹாங்சோவில் நாம் வென்ற 28 தங்கங்களில் கபடியில் இரண்டு, கிரிக்கெட்டில் இரண்டு, ஸ்குவாஷில் இரண்டு, வில்வித்தையின் காம்பவுண்டு (முனைகளில் கப்பி பொருத்திய வில்) பிரிவில் ஐந்து என இந்த நான்கில் மட்டுமே பதினொன்று, பாரிஸில் நடத்தப்படாத போட்டிகளில் கிடைத்தவை. ஸ்குவாஷ் கலப்பு இரட்டையரில் தங்கம் வென்ற சென்னையின் தீபிகா பல்லிக்கலுக்கு, பாரிஸில் ஆடுவதற்குக் களமே இருக்கவில்லை. ஆகவே 107-ஐயும் ஆறையும் நேருக்கு நேர் நிறுத்துவது சரியான கணக்கு ஆகாது. பாரிஸை முந்தைய டோக்கியோவோடு ஒப்பிட்டால், அங்கே ஒரு தங்கம் உட்பட ஏழு, இங்கே தங்கமில்லாமல் ஆறு. இந்தச் சறுக்கலைத்தான் நாம் கவலையோடு பார்க்க வேண்டும்.

நான்காம் இடம் பெற்றவர்களுக்கு என்ன கிடைக்கும்?
– குளச்சல் வாசகி

முதல் எட்டு இடங்களைப் பெறுபவர்களுக்கு ஒலிம்பிக் சான்றிதழ் உண்டு. பதக்கம் மூவருக்கு மட்டுமே. பாரிஸில் ஆறு போட்டிகளில் நாம் நான்காம் இடத்தில் நின்றோம் என்பதால் உங்கள் கேள்வி எனக்கும் வலிக்கிறது. பளுதூக்குதலில் 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு, ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் 88 கிலோவும், தோள் வரை தூக்கிப் பிறகு தலைக்கு மேல் உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 111 கிலோவுமாக மொத்தம் 199 கிலோ தூக்கினார். வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200 கிலோ. கடைசி முயற்சியில் 114 கிலோவுக்குத் துணிந்த மீராபாயால் அதைத் தூக்கி முடிக்க இயலவில்லை. அந்த ஒரு கிலோ, நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஒரு பாக்கெட் உப்பின் எடை. டோக்கியோவில் அவரே 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றிருந்தார் என்பதை நினைக்கும்போது மனம் இன்னும் கனக்கிறது.

2028 ஒலிம்பிக்கில் கபடி உண்டா?
– கருங்கல் பள்ளி மாணவர்

இல்லை, தம்பி. லாஸ் ஏஞ்சலிஸில் கிரிக்கெட்டும் ஸ்குவாஷும் காம்பவுண்டு வில்வித்தையின் கலப்பு அணிப் போட்டியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 1900-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் கிரிக்கெட் ஆடப்படுவது அங்கேதான்.