கார் கேள்வி-பதில்: 'டொக்' என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது?

என்னுடையது 2009 மாடல் மாருதி ஆல்டோ, 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக முன்பக்கம் இடதுபுறம் 'டொக்' என்று இடிக்கிறது. பள்ளத்தில் இறங்கினாலும் வருகிறது, பிரேக் மிதித்தாலும் வருகிறது. மெக்கானிக் இரண்டு ஷாக் அப்சர்பரையும் மாற்றினார். சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது ஸ்டீயரிங் ரேக்கை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?
- வாசகர், திண்டுக்கல்

ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் அந்த ரேக்கில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். 'பிரேக் மிதித்தாலும் வருகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஷாக் அப்சர்பர் அடக்குவது மேலும் கீழுமான ஆட்டத்தை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி இழுபடும். அந்த இழுப்பைத் தாங்குவது வேறு பாகம்.

உங்கள் காரின் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் பாடியோடு இணைக்கும் கை), பிற்காலக் கார்களில் இருப்பதுபோல் முக்கோணமாக இருக்காது. குறுக்கே போகும் ஒற்றைக் கைதான். அது முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்டெபிலைசர் பார், அதாவது இரண்டு பக்க ஆர்மையும் இணைக்கும் வளைந்த இரும்புக் கம்பி. மாருதி 800-இலும் இதே ஏற்பாடுதான். பாரின் நுனி ஆர்முக்குள் நுழைந்து வரும். இருபுறமும் ரப்பர் புஷ்ஷும் வாஷரும் வைத்து நட் போட்டு முறுக்கியிருப்பார்கள். அந்த ரப்பர் தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டால், பிரேக் மிதித்ததும் ஆர்ம் பின்னால் போய் இடிக்கும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் முன்னால் வந்து இடிக்கும்.

ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, 10 கி.மீ. வேகத்தில் போய்ச் சட்டென்று பிரேக் போடுங்கள். பிறகு ரிவர்ஸில் கொஞ்சம் வந்து பிரேக் போடுங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு இடி கேட்டால் முன்பின் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். ஆடாமல் பிடிக்கும் கிளிப் இல்லாமல் போட்ட பிரேக் பேடும் இப்படித்தான் இடிக்கும். ஆனால் அந்தச் சத்தம் மெல்லியதாக, இரும்பில் இரும்பு தட்டுவதுபோல் இருக்கும். மேடுபள்ளமான சாலையில் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பேடு, அதை அழுத்தும் காலிபர் பக்கம் தேடலாம். நிற்காவிட்டால் புஷ்தான்.

அடுத்து கண்ணால் பார்ப்பது. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையை நுழைக்கவே கூடாது. பார் ஆர்முக்குள் நுழையும் இடத்தில் டார்ச் அடியுங்கள். நல்ல புஷ்ஷாக இருந்தால் ரப்பர் வாஷரின் விளிம்புவரை உப்பி நிற்கும். போன புஷ்ஷில் ரப்பர் ஒருபக்கம் பிதுங்கி, நொறுங்கிய கருப்புத் தூள் சுற்றிலும் ஒட்டியிருக்கும். சேறும் துருவும் படிந்த இடத்தின் நடுவே வாஷர் ஆர்மில் உரசிய ஒரு வளையம் மட்டும் பளபளவென்று மின்னும். அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

சக்கரம் தொங்கும்போதே, லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டையும் பார்த்துவிடுங்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்துப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் நுனி மூட்டு) அல்லது ரேக். இந்தக் கடைசிச் சோதனையில் ஆட்டம் தெரியாதவரை ரேக்குக்குப் பணம் கொடுக்காதீர்கள். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் காரை அங்கேயே நிறுத்திவிட்டு வேலை பார்க்க வேண்டும். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும்.

புஷ்தான் காரணம் என்றால் இரண்டு பக்க நுனிப் புஷ்களோடு, பாரைப் பாடியோடு பிடித்திருக்கும் இரண்டு கிளாம்ப் புஷ்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இரண்டு ஷாக் அப்சர்பரோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதேபோல் சத்தம் வந்து, லோயர் ஆர்ம் புஷ் மாற்றினேன். ஆறே மாதத்தில் மறுபடியும் கிழிந்துவிட்டது. ஒரிஜினல் பாகம்தான் போட்டேன்.
- வாசகர், கரூர்

பாகத்தைக் குறை சொல்வதற்கு முன் அதை முறுக்கிய விதத்தைக் கேளுங்கள். லோயர் ஆர்ம் புஷ் என்பது ரப்பருக்கு உள்ளும் வெளியும் இரும்புக் குழாய் ஒட்டிய பாகம். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர் முறுகிக் கொடுக்கும். கார் லிஃப்டில் நிற்கும்போது சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில் சிக்கிக்கொள்கிறது. அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் அளவுக்கு மீறி முறுகி, சீக்கிரமே கிழிகிறது.

கார் லிஃப்டில் இருக்கும்போது போல்ட்டை லேசாக மாட்டலாம். கடைசி முறுக்கு மட்டும் நான்கு சக்கரமும் தரையில் நின்று, காரின் எடை இறங்கிய பிறகுதான் போட வேண்டும். அவசரத்தில் பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள், தவறே இல்லை.

இன்னொன்று: வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம் முழுவதும் டீசலோ பழைய ஆயிலோ அடிப்பார்கள். கிரீச் சத்தம் அன்றைக்கு அடங்கும். ஆனால் எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி, உப்பி, மெத்தென்று ஆகிவிடும். அடிக்க வேண்டாம் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்.

2010 ஸ்விஃப்ட். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் 'லொட லொட'. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் சத்தமே இல்லை. ஏன்?
- வாசகர், ஓசூர்

லிங்க் ராடு, அதாவது ஸ்டெபிலைசர் பாரின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கம் இல்லாமல் அப்படியே சுழன்று கொடுக்கும், லிங்க் ராடுக்கு வேலையில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கும்போதுதான் பார் முறுகி லிங்க் ராடை இழுக்கும். அதன் நுனியில் உள்ள சிறிய உருண்டை ஜாயின்ட் தேய்ந்திருந்தால் அப்போது தட்டும்.

ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள். பார் முறுகி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் ஆட்டம் மறைந்துவிடும். இரண்டு முன்சக்கரமும் தரையில் இருக்க வேண்டும் அல்லது இரண்டும் தொங்க வேண்டும். அப்போது லிங்க்கைக் கையால் பிடித்து வேகமாக ஆட்டினாலே 'டக் டக்' என்று தெரியும். உங்கள் காரில் இரு பக்கமும் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் மெதுவாக ஓட்டியும் உறுதி செய்யலாம். மேலே திண்டுக்கல் வாசகருக்குச் சொன்ன ஆல்டோவிலோ 800-இலோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே பார்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது.

லிங்க் நன்றாக இருந்தால், முன்பக்க ஷாக் அப்சர்பரின் மேல்நுனியைப் பாடியோடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட். கார் நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, நீங்கள் முன்பக்க ஸ்பிரிங் மேல் கை வையுங்கள். ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல் சிக்கிச் சிக்கிக் குதித்தால் மேல் பேரிங் போய்விட்டது.

வலதுபக்கம் முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது 'கட் கட் கட்'. நேராகப் போனால் இல்லை.
- வாசகர், தென்காசி

சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். வலது திருப்பத்தில் கேட்டால் பெரும்பாலும் இடது ஜாயின்ட்டாக இருக்கும், பாரம் அந்தப் பக்கம்தான் விழுகிறது. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். சத்தம் தொடங்கிவிட்டதால் புது கிரீஸ் வைத்துப் பயனில்லை, ஜாயின்ட்டை மாற்றுங்கள். பூட் கிழிந்தும் சத்தம் வராத நிலையில் பிடித்திருந்தால் கழுவி, கருப்பு மாலிப்டினம் கிரீஸ் வைத்து, புது பூட் போட்டுத் தப்பித்திருக்கலாம்.

கிளட்ச் விடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் முன்னால் ஒரு இடி.
- வாசகர், ஆரணி

இன்ஜினைப் பாடியோடு தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வைத்த மவுண்டிங். பானட்டைத் திறந்து, கைபிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்தபடி, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டு உடனே மிதியுங்கள். பிறகு ரிவர்ஸில் அதேபோல். பார்ப்பவர் காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இன்ஜின் லேசாகச் சாய்வது இயல்பு. துள்ளி எழுந்து விழுந்தால் எந்த மவுண்டிங்கின் ரப்பர் பிளந்து இரும்பு முட்டுகிறது என்று அப்போதே தெரியும்.

பின்னால் 'கடகட' சத்தம். ஷாக் அப்சர்பர் மாற்றச் சொல்கிறார்கள்.
- வாசகர், மன்னார்குடி

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு அதே சாலையில் ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஸ்டெப்னியைப் பிடிக்கும் திருகுதான் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் சைலென்சரைத் தாங்கும் ரப்பர்கள், எல்பிஜி சிலிண்டர் இருந்தால் அதன் பட்டை போல்ட்டுகள், கடைசியாக ஷாக் அப்சர்பரின் கீழ்ப்புஷ் என்ற வரிசையில் பாருங்கள். புஷ் மட்டும் தேய்ந்து ஷாக்கில் ஆயில் கசிவு இல்லையென்றால், புஷ்ஷைத் தனியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.